வரிசையில் ஒரு கல்

இரவு பத்துக்குக் கேட்கிறேன்.
வாயால் அல்ல; அதற்கென்று இருக்கிற பொத்தானை
அழுத்துகிறேன், அவ்வளவுதான்.
வாய் திறந்து கேட்டால் சண்டையாகிறது.

ஒரு மணி நேரத்துக்குப் பகிர்கிறான் சூலூன்.
எட்டு மணி நேரம் என்றொரு தேர்வு இருக்கிறது,
நிறுத்தும் வரை என்று இன்னொன்று.
பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில்
எனக்கு வாய்த்தது முதலாவது.
பேட்டரி தீர்ந்துவிடுமாம்.
லாரிக்குச் சார்ஜர் வாங்கிக் கொடுத்ததே நான்.

சாகான் ஹாட். எல்லைக்கு முன்னால் வெறும் மணல்.
நிலக்கரி லாரிகள் ஒன்றன் வாலில் ஒன்றாக,
ரயில் என்று நினைத்தால் இஞ்சினைக் காணோம்.
அவன் புள்ளி
செவ்வாயன்று எழுபது மீட்டர்.
புதன் இல்லை.
வியாழன் நாற்பது.
எங்கள் மொழியில் அவன் பெயருக்குக் கல் என்று பொருள்.
மாமியார் தெரிந்துதான் வைத்திருக்கிறாள்.

விரலால் விரித்துப் பார்ப்பேன்.
பழுப்பு, பிறகு இன்னும் கொஞ்சம் பழுப்பு,
நடுவில் அவன் மட்டும் நீலமாக மூச்சு விடுகிறான்.
கேபின், சின்ன அடுப்பு, உப்புப் போட்ட பால் தேநீர்,
கண்ணாடியில் கரிப்பொடி,
சீட்டில் தோற்றே பழகிய பக்கத்து லாரிக்காரன்,
எல்லாவற்றையும் அந்தப் பழுப்பில்
நானேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் நாள், விடியற்காலை இரண்டே முக்கால்.
முதல்முறையாக அந்தப் பக்கத்திலிருந்து:
சூலூன் உங்கள் இருப்பிடத்தைக் கேட்கிறார்.

கேட்கிறாராம்.
எங்களுக்குள் இல்லாத மரியாதை.

நான் வீட்டில் இல்லை.
தலன்சத்காத் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி,
ஹீட்டர் ஓரத்துப் பெஞ்சு.
கதவுக் கண்ணாடிக்கு அப்பால் ஹூலான், மூக்கில் குழாய்.
காட்டுக்கழுதையின் பெயர் வைத்தோம், ஓடட்டும் என்று.
மூன்று நாளாக மூச்சு மட்டும் ஓடுகிறது.

சொல்லவில்லை.
லாரிக் கடனுக்குத் தவணை பதினெட்டாம் தேதி.
வரிசையை விட்டவன் வால் நுனிக்குப் போய்
முதலிலிருந்து நிற்க வேண்டும்.
சளிதான் என்று ஒரு வரி அனுப்பினேன்,
கூடவே ஒரு படம், கோடையில் எடுத்தது.
இந்தக் குளிரில் தொப்பி இல்லாமலா என்று
திட்டியிருக்க வேண்டும் அவன்.
திட்டவில்லை.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறு என்பது இடப்பக்கம்.
அழுத்தினேன்.
திரும்ப வந்தது.
அழுத்தினேன்.
திரும்ப.
வீட்டு வாசல் வரை ஓடி, அங்கே நின்று
அங்கிருந்து அனுப்பிவிட்டு வரலாமா என்று
பூட்ஸ் கயிறு வரைக்கும் கை போனது.
இருபது நிமிட நடை, மைனஸ் இருபத்தெட்டு,
ஒரு பொய்க்கு அது பெரிய விலை இல்லை.
ஹூலான் இருமினாள்.

அனுமதித்தேன்.
எவ்வளவு நேரத்துக்கு என்றது.
மூன்றாவதைத் தொட்டேன்.

அழைப்பான் என்று பார்த்தேன், இல்லை.
ஓர் எழுத்து வரவில்லை.
இரண்டு புள்ளிகளுக்கும் இடம் வேண்டி
வரைபடம் தானே சுருங்கிக்கொண்டது;
இருநூற்றைம்பது கிலோமீட்டர்
என் கட்டைவிரல் நீளம்.

நான்கு மணிக்குக் கல் நகர்ந்தது.
முன்னால் இல்லை. பக்கவாட்டில்.
பிறகு என் பக்கம்.

வேண்டாம் என்று தட்டினேன்.
காய்ச்சல் இறங்குகிறது (பாதி உண்மை),
தவணை, முட்டாளே, ஒன்பது நாள்...
எதுவும் போய்ச் சேரவில்லை.
டவர் இல்லாத வெளிக்குள் இறங்கிவிட்டான்.
நீலம் சாம்பலாயிற்று:
கடைசியாகப் பதினொரு நிமிடங்களுக்கு முன்.

முப்பத்தாறு நிமிடங்களுக்கு முன்.

செவிலி வந்து குழாயைச் சரிசெய்தாள்.
அப்பா எங்கே, என்றாள், படிவத்தில் எழுதிக்கொள்ள.
போனைத் திருப்பிக் காட்டினேன்.
பழுப்பின் மேல் ஒரு சாம்பல் பொட்டு.
இங்கேயா இருக்கிறார்?
இல்லை, என்றேன்,
அங்கே இருந்தான்.